ஏற்காடு போன இன்ச் டேப்!

உங்க வீட்ல கார் இருக்கா? எங்க வீட்டு வாசல்ல வாரத்துக்கு ஒரு கார் நிக்கும். ஒரு நாள் பென்ஸ், ஒரு நாள் பி.எம்.டபிள்யூ., ஒரு தடவை ஜாகுவார்கூட நின்னுச்சு. பொறாமைப்படாதீங்க பாஸ்... ஒண்ணுகூட எங்களுது இல்லை. அப்பா சென்னையில ஒரு டிராவல்ஸ்ல டிரைவர். நைட் டியூட்டி முடிய லேட்டாயிட்டா வண்டியோடவே வீட்டுக்கு வந்துடுவார். விடியறதுக்குள்ள அதைத் துடைச்சு வைக்கிறதுதான் பி.இ. ஆட்டோமொபைல் மூணாவது வருஷம் படிக்கிற எனக்கு 'ப்ராக்டிகல்ஸ்'!

இங்கே இன்டெர்னா சேர்ந்த முதல் வாரமே எடிட்டர் கூப்பிட்டார். "லக்ஸுரி செடான், லக்ஸுரி எஸ்.யூ.வி. ரெண்டுல எது உட்கார வசதி? எல்லாரும் இன்ஜின், மைலேஜ்னு எழுதித் தள்ளிட்டாங்க. நீ சீட்டைப் பத்தி எழுது. உட்கார்ந்து பார்த்துட்டு எழுது."

சிக்கலே அந்தக் கடைசி வார்த்தைதான். ஷோரூம் வாசல்ல நம்ம செருப்பைப் பார்த்ததுமே செக்யூரிட்டி அண்ணனுக்கு நம்ம பேங்க் பேலன்ஸ் தெரிஞ்சுடும். அப்பதான் அப்பாவுக்கு ஒரு சவாரி வந்தது. கல்யாண வீட்டுக்காரங்களை ஏற்காடு எஸ்டேட் பங்களாவில் விட்டுட்டு, மறுநாள் வண்டிகளைக் காலியாகத் திருப்பிக் கொண்டுவரணும். ரெண்டு வண்டி. ஒண்ணு செடான், ஒண்ணு ஏழு சீட் எஸ்.யூ.வி. ரெண்டுமே கோடியை எட்டிப் பார்க்கிற விலை. ஓனர்கிட்ட அப்பா கெஞ்சி எனக்கு ஒரு போஸ்ட் வாங்கிக் கொடுத்தார்... கிளீனர்!

ஓனர் போட்டது ரெண்டு கண்டிஷன். சீட்ல கறை படக் கூடாது. பத்திரிகையில வண்டி பேர் வரக் கூடாது. ரெண்டையும் காப்பாத்திட்டேன் சார்!

போகும்போது செடானை அப்பா ஓட்டினார். பின்னாடி மாப்பிள்ளையோட அப்பா, அம்மா. எஸ்.யூ.வி.யை இன்னொரு டிரைவர் அண்ணன் ஓட்ட, நடு வரிசையில் மாப்பிள்ளையோட அக்கா குடும்பம். நான்? மூணாவது வரிசை, சூட்கேஸ்களோடு சூட்கேஸாக. ஏழு சீட் எஸ்.யூ.வி. விளம்பரத்தில் அந்தக் கடைசி வரிசையில் சிரிச்சுக்கிட்டு இருக்கிற மாடலைப் பார்த்திருப்பீங்க. அந்தப் பொண்ணு கண்டிப்பா அஞ்சு நிமிஷத்துல இறங்கியிருக்கும். பின் சக்கரத்துக்கும் அதோட சமாச்சாரங்களுக்கும் இடம் விட்டு, அங்கே தரையைத் தூக்கித்தான் வைப்பாங்க. தரை மேலே வந்துட்டா முட்டியும் மேலே வந்துடும். வாழப்பாடி தாண்டுற வரைக்கும் நான் கம்பராமாயணம் கேட்கிற கிழவர் மாதிரி முட்டியைக் கட்டிக்கிட்டேதான் வந்தேன்.

சேலத்துலேர்ந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆறாவதில் என் வயிறு லேசா பேச ஆரம்பிச்சுது. பதினொண்ணுல சத்தமா பேசுச்சு. (கறை? இல்லை சார். ஜன்னலும் இல்லை, கேரி பேக் காப்பாத்துச்சு!) இதுக்குப் பின்னாடி ஒரு சயின்ஸ் இருக்கு. வேகமான குலுக்கலில் நமக்கு இடுப்பு வலிக்கும், வாந்தி வராது. அஞ்சு நொடிக்கு ஒரு தடவைங்கிற மாதிரி மெதுவா ஊஞ்சலாட்டம் ஆடினாத்தான் வயிறு புரளும். கப்பல்ல வர்றதும் இதேதான். உயரமான வண்டி வளைவில் சாயும்போது, உயரத்தில் இருக்கிற நம்ம தலைதான் அதிக தூரம் போய் வரும். தென்னை மரத்துல கீழே கட்டின ஆடு ஆடாது, மேலே இருக்கிற குரும்பை ஆடும். நான் குரும்பை. செடான்ல வந்தவங்க ஆடு... மன்னிக்கணும், வி.ஐ.பி.

விடியற்காலை பங்களா வாசல்ல பனி. சில்வர் ஓக் மரத்தடியில ரெண்டு வண்டியும் நனைஞ்சு நின்னுச்சு. துடைச்சு முடிச்சுட்டு பாக்கெட்லேர்ந்து இன்ச் டேப்பை எடுத்தேன்.

தரையிலேர்ந்து பின் சீட் உயரம்: செடான்ல 52 செ.மீ., எஸ்.யூ.வி.யில 76. எங்க வீட்டு சாப்பாட்டு மேஜை நாற்காலி 45. அப்பா உயரத்துக்கு முன் சீட்டைத் தள்ளி வெச்சுட்டு, அதுக்குப் பின்னாடி நான் உட்கார்ந்தா, முட்டிக்கு முன்னாடி மிச்சம் செடான்ல 28 செ.மீ., எஸ்.யூ.வி. நடு வரிசையில 18. மூணாவது வரிசையில டேப்பை நுழைக்கவே முடியலை.

"அட, பெரிய வண்டியில இடம் கம்மியா?"ன்னு நீங்க கேட்பீங்க. நானும் கேட்டேன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிற தூரம்தான் வீல்பேஸ். நம்ம ஊர்ல இந்தக் காரை வாங்கறவங்க பெரும்பாலும் பின்னாடி உட்கார்றவங்க. அதனால 2017-ல மெர்சிடிஸ் இ-கிளாஸோட நீட்டிச்ச மாடலை இங்கே இறக்கினாங்க. அதோட வீல்பேஸ் 3,079 மி.மீ. சாதா இ-கிளாஸைவிட 140 மி.மீ. அதிகம். அந்த அதிக நீளத்துல பெரும்பகுதி பின் சீட் ஆளோட காலுக்கே போகுது. 2024-ல வந்த பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸ் நீள மாடல் 3,105 மி.மீ. ஆனா அதே கம்பெனியோட எக்ஸ்5 எஸ்.யூ.வி. 2,975-தான். வெளியில பார்க்க மலை மாதிரி நிக்கிறது வேற, உள்ளே கால் நீட்ட கிடைக்கிறது வேற.

அப்படின்னா எஸ்.யூ.வி. ஏமாத்து வேலையா? இல்லை. ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. மணைப் பலகையில உட்காருங்க, காலை எங்கே வைக்கிறீங்க? முன்னாடி நீட்டியாகணும். இப்போ நாற்காலியில உட்காருங்க, கால் நேரா கீழே இறங்கும். டிசைன் பண்றவங்க இடுப்பு மடியிற இடத்தை 'ஹெச் பாயின்ட்'னு ஒரு புள்ளியா வெச்சுக்கிட்டு, அதைச் சுத்தித்தான் காரையே வரைய ஆரம்பிக்கிறாங்க. அந்தப் புள்ளிக்கும் குதிகாலுக்கும் நடுவுல உயரம் குறைஞ்சா, நீளத்தைத் தின்னும். உயரம் கூடினா, நீளம் மிச்சம். செடான் மணைப் பலகை, எஸ்.யூ.வி. நாற்காலி. எஸ்.யூ.வி.யில 18 செ.மீ. எனக்கு மூச்சு முட்டலை, காரணம் இதுதான்.

அளந்துக்கிட்டே இருக்கும்போது அப்பா டீ கிளாஸோட வந்தார். "பின்னாடி உட்காருங்கப்பா, உங்களுக்கும் ஒரு அளவு எடுக்கணும்"னேன். "போடா"ன்னார். பத்தொன்பது வருஷமா இந்த மாதிரி வண்டி ஓட்டறார், பின் சீட்ல உட்கார்ந்ததே இல்லையாம். துடைக்கும்போதுகூட ஒரு கால் வெளியிலதான் இருக்குமாம். யாரும் இல்லைன்னு சுத்திப் பார்த்துட்டு, செடான்ல இடது பக்கம் உட்கார்ந்தார். முதலாளி சீட். ஒரு பட்டனை அமுக்கினா முன் சீட் தானா முன்னாடி நகரும், இன்னொண்ணை அமுக்கினா முதுகு சாயும். ரெண்டையும் அவருக்குக் கண்ணை மூடிக்கிட்டே தெரியும். சாய்ஞ்சார். சிரிப்பார்னு எதிர்பார்த்தேன். அவர் முன்னாடி இருக்கிற டிரைவர் சீட்டோட தலையணையையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

"ரோடே தெரியலையேடா."

"ஆமாப்பா, தாழ்வான சீட்டு. முன் சீட்டு மறைக்குது."

"நான் பிரேக் போடுறது இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது. அதான் விஷயம். டிரைவருக்கு வண்டி ஆட்டம் தெரியாததுக்குக் காரணம், அவருக்கு அடுத்து என்ன வரும்னு முன்னாடியே தெரியும், கழுத்து தயாராயிடும். பின்னாடி இருக்கிறவருக்கு ஒவ்வொரு பிரேக்கும் திடீர் பிரேக். எஸ்.யூ.வி. நடு வரிசையை முன் சீட்டைவிடக் கொஞ்சம் தூக்கி வைக்கிறாங்க, சினிமா தியேட்டர் மாதிரி. அங்கே ரோடு தெரியுது. அப்பா இதைக் கேட்டுட்டு ஒண்ணும் சொல்லலை. "சில பேர் 'மெதுவா பிரேக் போடுப்பா'ம்பாங்க. நான் நல்லாத்தானே போடுறேன், இவருக்கு என்னன்னு நினைப்பேன்"னு மட்டும் சொல்லிட்டு இறங்கி, அவர் உட்கார்ந்த இடத்தைத் துணியால துடைச்சார்.

இந்தப் பயணத்துல எனக்கு இன்னொரு வேலையும் இருந்துச்சு. நிஜ வேலையே அதுதான். அம்மாயி!

அம்மாயி எங்க அம்மாவோட அம்மா. வாழப்பாடி பக்கம் ஒரு கிராமம். ரெண்டு முட்டியும் தேய்ஞ்சு போச்சு. பஸ் படி ஏற முடியலைன்னு ஒரு வருஷமா சென்னைக்கே வரலை. முட்டிக்கு ஆபரேஷன் பண்ணணுமா வேணாமான்னு ஒரு டாக்டர்கிட்ட காட்டணும், அம்மா தேதி வாங்கி வெச்சிருந்தாங்க. காலியா வர்ற வண்டியில ஏத்திக்கிட்டு வர ஓனர் ஓ.கே. சொல்லிட்டார். ஆக, எடிட்டர் கேட்ட கேள்வி எங்க குடும்பத்துக்கே கேள்வியாயிடுச்சு. கிட்டத்தட்ட 320 கிலோமீட்டர். வாசல்ல ரெண்டு வண்டி. அம்மாயியை எதுல ஏத்துறது?

மலை இறங்கி ஊர் போய்ச் சேர்ந்தப்போ அம்மாயி புதுச் சேலையில தயாரா நின்னாங்க. பக்கத்துல ஒரு மூட்டை ஜவ்வரிசி. சேலம், ஆத்தூர் பக்கமெல்லாம் மரவள்ளிக்கிழங்கும் ஜவ்வரிசி ஆலையும்தானே... அம்மா வடகம் போடணுமாம். 25 கிலோ வடகத்தை யார் சாப்பிடறதுன்னு நான் கேட்கலை.

முதல்ல செடான். அம்மாயி உயரம் நாலடி ஒன்பது அங்குலம். உட்கார்ற வரைக்கும் சரி. கதவைப் பிடிச்சாங்க, குனிஞ்சாங்க, முட்டி பாதி மடங்கினதும் "அய்யோ சாமி"ன்னு நின்னுட்டாங்க. கடைசியில தொப்புன்னு விழுந்துதான் உட்கார்ந்தாங்க. இறக்க ரெண்டு பேர் வேண்டியிருந்தது. 52 செ.மீ. நமக்கு ஒண்ணுமே இல்லை. தேய்ஞ்ச முட்டிக்கு, கடைசி பத்து செ.மீ. மடங்குறதுதான் நரகம். அதுல தலை இடிக்காம குனியவும் வேணும்.

அம்மாயி சும்மா இருப்பாங்களா? "எங் கண்ணாலத்துக்கு வந்த அம்பாசடர்ல நடந்து போயி குந்துனேன். இத்தன காசு குடுத்து இப்பிடிப் பள்ளத்துல வண்டி வாங்குவாங்களா?"

சிரிக்காதீங்க, அம்மாயி சொன்னது நூத்துக்கு நூறு கரெக்ட். அம்பாசடரும் செடான்தான். 1950-கள்ல வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு டிசைன், 2014 வரைக்கும் நம்ம ஊர்ல ஓடி வந்துச்சு. அதோட உயரம் கிட்டத்தட்ட 1.6 மீட்டர். உள்ளே சோபா மாதிரி நிமிர்ந்த சீட். அப்புறம் காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகணும், வளைவுல சாயக் கூடாதுன்னு செடான்களோட கூரை இறங்கிக்கிட்டே வந்தது. இப்போ சொகுசு செடான்கள் பெரும்பாலும் 1.5 மீட்டர் பக்கம்தான். கூரை இறங்கினா சீட்டும் இறங்கணுமே... இறங்கிடுச்சு. எஸ்.யூ.வி. புதுசா எதையும் கண்டுபிடிக்கலை, தாத்தா காலத்து நாற்காலியைத் திருப்பிக் கொடுத்திருக்கு. அதுவும் கொஞ்சம் ஓவரா!

ஏன் ஓவர்னா, அடுத்து எஸ்.யூ.வி. முன்னாடி அம்மாயியை நிறுத்தினா, சீட் அவங்க இடுப்புக்கு மேலே. படி மாதிரி ஓரத்துல ஒரு பலகை இருக்கு, அதுல கால் தூக்கி வைக்கிறதுக்கும் முட்டி மடங்கணுமே? எல்லாரும் முழிச்சோம். டிரைவர் அண்ணன் போய் ஒரு பட்டனை அமுக்கினார். 'உஸ்ஸ்'னு ஒரு சத்தம். ஏர் சஸ்பென்ஷன். ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்து நிரப்பின பை. காத்தை இறக்கினா வண்டி மொத்தமும் இறங்கும். டேப்பை வெச்சேன், 76 இப்போ 70.

"ஆனையாட்டம் படுக்குதே!" அம்மாயிக்கு ஒரே சந்தோஷம். திரும்பி நின்னு, பின்பக்கமா சீட் ஓரத்துல அப்படியே உட்கார்ந்தாங்க. முட்டி பெருசா மடங்கவே இல்லை. அப்பா காலைத் தூக்கி உள்ளே வைக்க வந்தார். "மாப்ள, காலத் தொடாதீங்க!"ன்னு ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம். நான்தான் தூக்கி வெச்சேன்.

அடுத்த பிரச்னை. எஸ்.யூ.வி.யை இப்போ அப்பா ஓட்டறதா பிளான். "மாப்ள வண்டி ஓட்ட நான் பின்னால முதலாளியாட்டம் குந்திக்கிட்டு வர்றதா? ஊர்ல என்ன பேசுவாங்க?" சரி, முன்னாடி உட்காருங்கன்னா, மாப்பிள்ளைக்குச் சரிசமமா உட்கார்றது அதைவிடப் பெரிய குத்தமாம். வேற வழியில்லாம டிரைவர் அண்ணனே எஸ்.யூ.வி.யை எடுக்க, அம்மாயி பக்கத்துல நான். பின்னாடியே அப்பா செடான்ல தனியா, டிக்கியில ஜவ்வரிசி மூட்டையோட.

ஆத்தூர் வரைக்கும் ராஜ மரியாதை. ஜன்னல் வழியா ஒவ்வொரு கிழங்குக் காடும் யாருதுன்னு சொல்லிக்கிட்டே வந்தாங்க. சின்னசேலம் நெருங்கும்போது பேச்சு நின்னுடுச்சு. பார்த்தா, தொடையைப் பிடிச்சு அமுக்கிக்கிட்டு இருக்காங்க. "கால் மரத்துப்போச்சுடா."

குனிஞ்சு பார்த்தேன். அம்மாயியோட பாதம் தரையிலயே படலை! தொங்கிக்கிட்டு இருந்தது. கார் விமர்சனம் எழுதறவங்க எல்லாரும் 'தொடைக்கு நல்ல சப்போர்ட்'னு ஒரு வரி எழுதுவாங்க, படிச்சிருப்பீங்க. நீளமான சீட், ஆறடி ஆளுக்குத் தொடை முழுக்க தாங்கும். அந்தச் சீட்டோட ஆழம் 50 செ.மீ. இருந்தது. அம்மாயி நல்லா பின்னாடி சாய்ஞ்சு உட்கார்ந்தா, முட்டி மடங்கற இடத்துக்கு முன்னாடியும் சீட் நீண்டுகிட்டு நிக்குது. கால் தொங்குது, சீட் ஓரம் தொடையில அழுந்துது, ரத்த ஓட்டம் குறையுது. முன்னாடி நகர்ந்து உட்கார்ந்தா கால் படும், முதுகு அந்தரத்துல. இவ்வளவு விலை போட்ட சீட்ல வென்டிலேஷன் இருக்கு, மசாஜ் இருக்கு... ஆனா உட்கார்றவர் உயரம் கம்மியா இருந்தா சீட்டோட ஆழத்தைக் குறைக்கிற வசதி அந்தப் பின் சீட்ல இல்லை.

கள்ளக்குறிச்சி பைபாஸ்ல டீக்கடை. வண்டியை நிறுத்திட்டு மாநாடு போட்டோம். செடானுக்கு மாத்திடலாம்னு நான். அங்கே சீட் தாழ்வு, பாதம் தரையில படும், முதுகும் சாயும், வளைவுல ஆட்டமும் கம்மி. என் டேப் கணக்குப்படி 320 கிலோமீட்டர் உட்கார செடான்தான் ஜெயிக்குது. அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சென்னை போறதுக்குள்ள உங்க அம்மாயி எத்தனை தடவை இறங்கும்?"

இது என் கணக்குலயே இல்லை. வயசானவங்க, சர்க்கரை வேற. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பாத்ரூம் போகணும். நாலு தடவை இறங்கினா, நாலு தடவை ஏறணும். செடான்ல எட்டு தடவை "அய்யோ சாமி". உட்கார்ற நேரத்தை மட்டும் அளந்த நான், ஏறி இறங்குறதை ஒரு தடவைதான்னு நினைச்சிருக்கேன் பாருங்க. காலேஜ் பையனுக்கு ஏறி இறங்குறது ஒரு விஷயமா!

அப்பா செடான் டிக்கியைத் திறந்தார். ஜவ்வரிசி மூட்டையைத் தோள்ல தூக்கிட்டு வந்து, எஸ்.யூ.வி.யில அம்மாயி காலடியில படுக்கப் போட்டார். மேலே ஒரு துண்டை விரிச்சார். (கறை, சார், கறை!) அம்மாயி ரெண்டு பாதத்தையும் அதுமேல வெச்சாங்க. ஜவ்வரிசி மெதுவா நகர்ந்து, பாதம் பதிஞ்ச மாதிரி ஒரு குழி விழுந்தது. முட்டி லேசா மேலே வந்தது, தொடை சீட் ஓரத்தை விட்டு விலகுச்சு. பெரிய பெரிய சொகுசு செடான்கள்ல முதலாளி சீட்டுக்கு மோட்டார் வெச்ச ஃபுட்ரெஸ்ட் வரும். எங்களுது 25 கிலோ, மோட்டார் கிடையாது.

"அன்னலட்சுமி மேல கால வைக்கிறதா"ன்னு ஒரு முனகல். துண்டு இருக்குன்னு சமாதானம் சொன்னோம். உளுந்தூர்பேட்டை வர்றதுக்குள்ள தூங்கிட்டாங்க.

அப்புறம் நாலு தடவை இறங்கினாங்க. நாலு தடவையும் வண்டி 'உஸ்ஸ்'. மூணாவது தடவை அம்மாயியே டிரைவர் அண்ணன்கிட்ட "படுக்கச் சொல்லு தம்பி"ன்னு ஆர்டர் போட்டாங்க. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டினதும் நான் செடானுக்கு மாறிக்கிட்டேன், முதலாளி சீட்ல. பொய் சொல்ல மாட்டேன்... சுகம்னா அதுதான் சுகம். ரோடு தெரியலை, தெரிய வேண்டாம்னு தோணுச்சு. ஆனா ஒண்ணு கவனிச்சேன். அப்பா பிரேக்கை ரொம்ப தூரத்துலயே தொட ஆரம்பிச்சிருந்தார். லாரி ஒண்ணு குறுக்கே வந்தப்போகூட என் தலை முன்னாடி போகலை. கண்ணாடியில என்னைப் பார்த்து, "இப்போ?"ன்னார். "சூப்பர்ப்பா"ன்னேன். இன்னொரு தடவை போட்டுக் காட்டினார்.

பரனூர் வரும்போது இருட்டிடுச்சு. பக்கத்துலயே மஹிந்திரா வேர்ல்டு சிட்டி. 2007-லேர்ந்து பி.எம்.டபிள்யூ. கார்களை அசெம்பிள் பண்ற தொழிற்சாலை அங்கேதான் இருக்கு. கேம்பஸ் இன்டர்வியூவுல வந்தா எனக்கும் ஒரு கேள்வி கேட்க இருக்கு... நாலடி ஒன்பது அங்குலத்துக்கு எங்கே சார் அளவு எடுத்தீங்க?

மறுநாள் காலையில டாக்டர்கிட்ட போகணும். வண்டிகள் ரெண்டும் ராத்திரியே ஓனர்கிட்ட போயிடுச்சு. தெருமுனையில ஆட்டோ பிடிச்சேன். அம்மாயி கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, பக்கவாட்டுல ஒரு கால் வெச்சு, முனகாம ஏறி உட்கார்ந்தாங்க. பாதம் ரெண்டும் தரையில. நான் டேப்பை எடுத்தேன். ஆட்டோ அண்ணன் திரும்பிப் பார்த்து, "இன்னா தம்பி, சீட்டு தைக்கப் போறியா?"ன்னார்.